பூனை படுக்காத பெட்டி

அத்தியாயம் 3

பட்டறைக்குள் நுழைந்து ஒரு வாய் டீ குடிப்பதற்குள் டமாரம் தும்மினான். ஒன்றோடு நிற்கவில்லை, அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட, கையிலிருந்த டம்ளரை ஓரத்தில் போர்வை போர்த்தியிருந்த ஏதோ ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“அது மேல வைக்காதீங்க. ரிப்பேருக்கு வந்த செட்டு” என்றாள், டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றுவதால் காயில்காரம்மா என்று பெயர் வாங்கிய மெக்கானிக்கின் மனைவி. “தும்மறதா இருந்தா வெளியில போய்த் தும்முங்க. இங்க மெல்லிசு கம்பியெல்லாம் விரிச்சுப் போட்டிருக்கேன்.”

“வார்னிஷ் நெடிங்க. எனக்கு ஒத்துக்கல” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு வாசற்பக்கம் நகர்ந்தான் டமாரம். நகர்ந்ததும் தும்மல் நின்றது.

டமாரம் அவனுடைய சொந்தப் பெயரல்ல. முன்பு மைக் கட்டிய வேனில் தெருத் தெருவாகக் கடை விளம்பரம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். வேன் போயிற்று, வாய் போகவில்லை. இப்போது டீச்சருக்கு உதவியாளன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு, வேலையை விட்டபின் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். சந்தேகப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடிகாரம் சரியான நேரம் காட்டினால்கூட, இது எதற்காக இன்றைக்கு இவ்வளவு நல்லபிள்ளையாக இருக்கிறது என்று கேட்கிற ரகம்.

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “போலீஸ்ல சொன்னதை நானும் ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன். ஞாயித்துக்கிழமை காலைல அந்தப் பல் டாக்டர் பாட்டு கேட்டுட்டு இருந்தார். உங்க வீட்டுக்காரர் செஞ்சு குடுத்த வால்வு ஆம்ப்ளிஃபயர்ல கை வெச்சார். ஷாக் அடிச்சு விழுந்தார், இன்னும் நினைவு திரும்பல. செட்டு செஞ்சவர்னு உங்க வீட்டுக்காரரைத் திங்கட்கிழமை கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுல இருக்கற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நீங்க கட்டினதுதானே?”

“யாரு சொன்னது உங்களுக்கு?” காயில்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. “அதுல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வீட்ல சண்டையே அதுக்குத்தானே.”

டமாரம் வேறுபக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டான். டீச்சரின் பழைய வித்தை இது. வகுப்பில் கரும்பலகையில் வேண்டுமென்றே தப்பாக ஒரு கணக்கைப் போடுவாராம். தூங்குகிறவன் அப்படியே எழுதிக்கொள்வான், விடை தெரிந்தவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நேராகக் கேட்டால் யோசித்துப் பேசுகிறவர்கள், தப்பாகக் கேட்டால் யோசிக்காமல் பேசிவிடுவார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு.

“புரியற மாதிரி சொல்லுங்க. என்ன சண்டை?”

காயில்காரம்மா பாதி சுற்றிய காயில் ஒன்றைக் கையில் எடுத்தாள். “வால்வுக்கு வோல்டேஜ் ஜாஸ்தி, கரண்ட் கம்மி. ஸ்பீக்கருக்கு அப்படியே தலைகீழா வேணும். ரெண்டும் நேருக்கு நேரா ஒத்துப்போகாது, நடுவுல ஒரு தரகர் வேணும். அந்தத் தரகர்தான் இது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். உலகத்துல முக்காவாசி வால்வு செட்டு இப்படித்தான் ஓடுது. எந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து குடுத்தாலும் பொருத்தம் பாத்து ஒட்ட வெச்சிடும். அடிச்சத்தம் கெட்டியா, இதமா வரும்.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“தரகர் கமிஷன் எடுக்கறான்னு சொல்றார். பாட்டுல கீழயும் மேலயும் கொஞ்சம் அவன் தின்னுடறானாம். பன்னெண்டு வால்வை வரிசையா நிறுத்தினா, நடுவுல யாரும் வேணாம், நேரா ஸ்பீக்கருக்கே குடுத்துடலாம்னு ஆரம்பிச்சார்.”

“தரகர் வெச்சது பாத்து வெச்ச கல்யாணம், இது லவ் மேரேஜ்” என்றான் டமாரம்.

“அதேதான். அதே மாதிரி சூடும் ஜாஸ்தி, செலவும் ஜாஸ்தி. எந்த ஸ்பீக்கரோடயும் சேராது. ஓம்ஸ் அதிகமா இருக்கற பெரிய ஸ்பீக்கரா பாத்துக் குடுக்கணும், சின்னதைக் குடுத்தா மூச்சு வாங்கும்.” அவள் கையிலிருந்த காயிலைக் கீழே வைத்தாள். “ஆனா பொருத்தம் அமைஞ்சுட்டா, பொய் சொல்ல மாட்டேன், பாடறவங்க ரூம்ல வந்து நிப்பாங்க. அதுதான் எனக்கு ஆத்திரம். இத்தனை வருஷமா நான் கட்டின காயிலெல்லாம் பாட்டுக்கு இடைஞ்சல்னு என் வீட்டுக்காரரே செஞ்சு காட்டிட்டாரே.”

“மெயின் கரண்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாதா?”

“அது இருக்கு. தனிப் பெட்டில போட்டு மேசைக்குக் கீழ வெச்சிருக்கார். மேல நிக்கறதெல்லாம் வெறும் வால்வு, தொட்டா சுடற கண்ணாடிக் குமிழ்.”

அந்த செட்டு பிறந்ததிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. ‘சால்டரிங் அயனை யாரோ அணைக்காம போயிருக்காங்க’ என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். ‘சிலருக்குச் சாப்பாடு மேசையில இருக்கு’ என்று இவள் ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று குரல் உடைந்து நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை காலைலயும் சண்டை. ‘சிலரோட செட்டு ஒருநாள் யாரையாவது சாகடிக்கத்தான் போகுது’ன்னு சொன்னேன். அடுத்த வீட்டு வரைக்கும் கேட்டிருக்கு. போலீஸ்ல அதையும் எழுதிக்கிட்டாங்க. டாக்டருக்கு ஏதாவது ஆயிட்டா இவர் வெளிய வரவே முடியாதும்மா. என் வாய்தான் அவரை உள்ள தள்ளிடுச்சு.”

டமாரத்துக்குப் பாவமாக இருந்தது. டீச்சர் முகத்தில் பாவபுண்ணியம் எதுவும் தெரியவில்லை. அவர் போர்வை போர்த்திய பெட்டியைப் பார்த்தார், காயில்காரம்மாவைப் பார்த்தார், எழுந்துவிட்டார்.

“இந்தம்மா எதையோ முழுங்கறாங்க” என்றார், ஸ்கூட்டரில் ஏறும்போது.

“பாதி தொண்டையில நின்னுடுச்சு, அழறாங்க டீச்சர்.”

“அழறவங்கதான் நிறைய முழுங்குவாங்க. வண்டியை எடு.”

பல் டாக்டர் வீட்டில் கதவைத் திறந்தவர் டாக்டரின் தம்பி. பெரிய ஆடியோ ஷோரூம் நடத்துகிறவர். வந்தவர்களின் முகத்தைப் பார்க்குமுன் அவர்களுடைய செருப்பைப் பார்த்தார். பாட்டு அறை வாசலில் ஒரு துணியை விரித்து, இதில் காலைத் துடைத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

“என் ஷோரூம்லயும் இதுதான் பழக்கம். ஒரு தூசி இருக்கக்கூடாது. கண்ணாடி மேல கைரேகை தெரிஞ்சா எனக்குச் சாப்பாடு இறங்காது.”

“கைரேகை எங்களுக்கும் பிடிக்காது சார், வேலை ஜாஸ்தியாயிடும்” என்றான் டமாரம். ஷோரூம்காரர் சிரிக்கவில்லை.

அறை நடுவே தாழ்வான மேசை. அதன்மேல் மெக்கானிக் செய்த செட்டு. போலீஸ் அதைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டி முத்திரை வைத்திருந்தது. வால்வுகள் பன்னிரண்டும் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி இடைவெளியில்லாமல் நின்றன. இன்னொரு இரும்புப் பெட்டி மேசைக்குக் கீழே தரையில் கிடந்தது. வெறும் தரை, கம்பளம்கூட இல்லை. சுவரோரம் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, வயர் சுருட்டி வைக்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. செட்டிலிருந்து வந்த வயர் போய்ச் சேர்ந்தது ஜன்னலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கர் ஜோடிக்கு.

டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். “உங்க அண்ணன் ஸ்பீக்கர் வயரைக் கழட்டப் போய்த்தான் ஷாக் அடிச்சுதுன்னு சொன்னீங்க இல்லையா?”

“நான் எப்ப வயர்னு சொன்னேன்? செட்டைத் தொட்டார்னுதானே சொன்னேன்.” ஷோரூம்காரர் அலுத்துக்கொண்டார். “பூனையைத் தூக்கப் போனார். அது வழக்கம்போல செட்டு மேல படுத்திருந்துது. அதை எடுக்கறேன்னு கையை வெச்சார், அவ்வளவுதான், விழுந்துட்டார். நான் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.”

“ஓஹோ. பூனை.” டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. “அன்னைக்கு நீங்க எதுக்கு வந்தீங்க? உங்க ஷோரூம் செட்டையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓடவிட்டுப் பாத்தீங்களோ?”

“எங்க செட்டு எதுவும் இந்த வீட்டுக்குள்ள வந்ததே இல்ல. சும்மா அண்ணனைப் பாக்க வந்தேன்.” அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “நான் இன்ஸ்பெக்டர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டு எமனுக்குச் சமானம். வால்வுல ஓடற வோல்டேஜுக்கும் மனுஷனுக்கும் நடுவுல ஒரு தடுப்பு வேணாமா? எங்ககிட்ட இருக்கறதெல்லாம் முறையா டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச செட்டு. தூக்கினா இடுப்பு ஒடியும். அண்ணனுக்கு அந்த மெக்கானிக் ஏதோ மருந்து வெச்சுட்டான், தம்பி கடையை விட்டுட்டு அவன் பின்னால போயிட்டார். வர்ற வாரம் பாட்டு சங்கத்துல எல்லாரையும் கூட்டி வெச்சு, இந்த செட்டைத்தான் வாங்கணும்னு சொல்றதா இருந்தார்.”

“அது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்குமே.”

“எனக்கென்ன கஷ்டம்? கேக்கற காதுக்குத்தான் கஷ்டம்.”

அப்போது டமாரம் தும்மினான். அடக்கப் பார்த்து இன்னொரு முறை பலமாகத் தும்மினான். வாசலில் டாக்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உடை மாற்ற வந்தவர், தூங்காத கண்கள். இடுப்பில் குழந்தையை வைத்த மாதிரி ஒரு சாம்பல் நிறப் பூனையை அணைத்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க. சின்ன வயசுலேர்ந்தே எனக்குப் பூனைன்னா இப்படி” என்றான் டமாரம் மூக்கைத் துடைத்தபடி.

ஷோரூம்காரருக்குப் போன் வந்தது. அவர் பேசிக்கொண்டே வெளியே போனதும், டீச்சர் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் போனார். “எப்படி இருக்கார்?”

“கூப்பிட்டா கண்ணு மட்டும் கொஞ்சம் அசையுது. அன்னைக்குப் பாத்து நான் வீட்ல இல்லாம போயிட்டேன். டாக்டருங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

“நல்லாயிடுவார். இந்தப் பூனை அவர் செல்லமோ? எப்பவும் இந்த செட்டு மேலதான் தூங்குமாமே.”

“இதுலயா?” அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முன்னால ஒரு பழைய செட்டு இருந்துது. பின்பக்கம் தட்டையா இரும்பு மூடி, வெதுவெதுன்னு இருக்கும். அது மேலதான் நாள் பூரா கிடக்கும். அதை வித்துட்டு இதைக் கொண்டுவந்த அன்னைக்கு, பழக்கதோஷத்துல ஏறப் போய் மீசையைப் பொசுக்கிக்கிச்சு. பாருங்க, ஒரு பக்கம் இன்னும் குட்டையா இருக்கு. அன்னையிலேர்ந்து இதுக்குக் கிட்டவே போகாது.”

டீச்சர் பூனையின் மீசையை உற்றுப் பார்த்தார். டமாரம் தூரத்திலிருந்தே பார்த்தான்.

“பாட்டு எந்த ஸ்பீக்கர்ல கேப்பார்?”

“அந்தப் பெரிய ஜோடிதான். இந்த செட்டுக்கு அது மட்டும்தான் சேரும்னு மெக்கானிக் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார். சின்னது கொழுந்தனார் எப்பவோ குடுத்தது, அதைத் தொடவே மாட்டார்.”

தெருமுனையில் மரநிழல் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார் டீச்சர்.

“பொய் சொல்றவன் முழுசா பொய் சொல்ல மாட்டான்டா. அதுக்குப் பொறுமை வேணும். நடந்ததை அப்படியே வெச்சுக்கிட்டு ஒரே ஒரு பொருளை மட்டும் மாத்திடுவான். பூனை செட்டு மேல படுத்திருந்தது நெஜம். டாக்டர் அதைத் தூக்கப் போனது நெஜம். செட்டுதான் வேற.”

“பன்னெண்டு வால்வு மேல பூனை படுத்தா, அது பூனை இல்ல டீச்சர், பொரியல்.”

“அப்ப தட்டையா மூடி போட்ட ஒரு செட்டு அங்க இருந்திருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச செட்டு. தம்பி கொண்டுவந்தது. அதுலதான் ஷாக் அடிச்சிருக்கு. அது சின்ன ஸ்பீக்கர்ல ஓடிட்டு இருந்திருக்கு. பதட்டத்துல அதை உருவி மறைச்சுட்டு அதே வயரை மெக்கானிக் செட்டுல சொருகிட்டான். நிதானமா இருந்திருந்தா இந்த செட்டுக்குச் சேராத சின்னதை விட்டுப் பெரிய ஸ்பீக்கரை மாட்டியிருப்பான், ஆடியோ கடைக்காரனுக்குத் தெரியாததில்ல.”

டமாரம் கேலியை விட்டான். அது அபூர்வம். “அப்படின்னா அண்ணன் தரையில கிடக்கறப்ப இவர் உக்காந்து வயர் மாத்திட்டு இருந்திருக்கார். அப்புறம்தான் ஆம்புலன்ஸ்.”

“ஆமாம்” என்றார் டீச்சர். 

“சரி, அந்த செட்டு இப்ப எங்க? ஷோரூம்ல நூறு பெட்டிக்கு நடுவுல வெச்சிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?”

டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை டமாரத்துக்குப் பழக்கம். தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வான்.

“காலைல பட்டறையில எதுக்குத் தும்மினே?”

“வார்னிஷ்னு சொன்னேனே.”

“வாசப்பக்கம் நகந்ததும் நின்னுடுச்சு. வாசல்லதான் வார்னிஷ் டப்பாவே இருந்துது. உன் சட்டையில இப்பவும் அந்த வாடை அடிக்குது, தும்மலையே நீ.”

டமாரம் சட்டையை முகர்ந்து பார்த்தான். வாடை அடித்தது. தும்மல் வரவில்லை.

“பட்டறையில பூனை இல்லையே டீச்சர்” என்றான் மெதுவாக.

“இல்ல. நீ டீயை எது மேல வெச்சே?”

மறுபடி பட்டறைக்குப் போனபோது காயில்காரம்மா தடுக்கவில்லை. டீச்சர் போர்வையை உருவியபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். உள்ளே பளபளவென்று எஃகு மூடி போட்ட கனத்த செட்டு. முன்னால் நாலே நாலு வால்வு, பின்னால் தட்டையான மூடி. மூடியின் காற்றுத் துளைகளில் சாம்பல் நிற முடி கொத்தாகச் சிக்கியிருந்தது. டமாரம் தும்மினான். இந்த முறை யாரும் அவனை வெளியே போகச் சொல்லவில்லை.

“எவ்வளவு நாளா அவருக்கு வேலை செய்யறீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“யாருக்கு?”

“என்கிட்ட வேணாம். காலைல எல்லாத்தையும் சொன்னீங்க, இந்தப் பெட்டி யாருதுன்னு மட்டும் சொல்லல. உங்க புருஷனைப் பிடிச்சுக் குடுத்தவரோட செட்டு உங்க பட்டறையில போர்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கு. நான் என்ன நினைக்கட்டும்? ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுன்னா?”

அவள் முகம் வெளிறிப்போனது. பிறகு எல்லாம் வெளியே வந்தது. புருஷன் டிரான்ஸ்ஃபார்மரை வேண்டாம் என்று ஒதுக்கியபின், ஷோரூம்காரர் ரகசியமாக வந்து தன் செட்டுகளுக்கெல்லாம் காயில் கட்டச் சொன்னார். என் கைவேலைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்ற வீம்பில் இவளும் ஒத்துக்கொண்டாள். புருஷனுக்குத் தெரியாது. திங்கட்கிழமை அவரைப் போலீஸ் கூட்டிப்போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஷோரூம்காரர் இந்தப் பெட்டியோடு வந்து நின்றார்.

“‘இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசிக் கேஸை லேசாக்கறேன், நீ இதைச் சீக்கிரம் பாத்துக் குடு. எர்த் லைனைச் சரி பண்ணி மேல நல்லாத் துடைச்சுடு’ன்னார். சொன்னா அவரும் கைவிட்டுடுவார், என் வீட்டுக்காரருக்கும் விஷயம் தெரிஞ்சுடும்னு பயந்துட்டேன். ஆனா கை ஓடலம்மா. திறக்கவே இல்ல.”

“திறக்காம இருந்தீங்களே, அதுதான் உங்க புருஷன் செஞ்ச புண்ணியம். துடைச்சிருந்தீங்கன்னா எல்லாம் போயிருக்கும். உங்க கையாலயே.”

டீச்சர் போன் போட்டு வரவழைத்த இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கும்போதே சிடுசிடுவென்று இருந்தார். அவர் கண்ணெதிரே காயில்காரம்மா செட்டின் பிளக்கைக் கழற்றினாள். மூன்று கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் மாட்டியிருந்தது. எர்த் வயர் ஒட்ட வெட்டப்பட்டு உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. பிறகு பிளக்கை மூடி, ரப்பர் விரிப்பின்மேல் நின்றுகொண்டு, சுவரில் சொருகி, டெஸ்டரை எஃகு மூடியில் வைத்தாள். டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது.

“மூடி பூரா கரண்ட்” என்றாள். “உள்ள மெயின் வயர் எங்கயோ பாடியில உரசுது. எர்த் இருந்திருந்தா அப்பவே ஃப்யூஸ் போயிருக்கும்.”

“எர்த்தை எதுக்கு வெட்டணும்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஹம்மிங்குக்கு. பாட்டு இல்லாதப்ப ம்ம்ம்னு ஒரு முனகல் வரும். எர்த்தை எடுத்துட்டா சில செட்டுல அது நின்னுடும். இந்தத் தொழில்ல நிறைய பேர் செய்யற தப்பு இது. சத்தம் நின்னா போதும்னு ஆபத்தை வாங்கி வெச்சுக்குவாங்க. எங்க வீட்டுக்காரர் செட்டு பக்கத்துல இதை வெச்சுப் பாத்தா முனகல் நல்லாவே கேட்டிருக்கும், அவர் செட்டு அவ்வளவு நிசப்தம்.” புருஷன் செட்டைப் புகழ்ந்துவிட்டதை அவளே தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

“பூனைக்கு ஏன் அடிக்கல?” டமாரம் கேட்டான்.

“கரண்ட் கம்பியில காக்கா உக்காரலையா? பூனை தரையைத் தொடல. டாக்டர் வெறும் காலோட தரையில நின்னார்” என்றார் டீச்சர்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “எல்லாம் சரி மேடம். செட்டு இருக்கறது யார் பட்டறையில? எர்த்தை வெட்டத் தெரிஞ்சவங்க யாரு? ‘நல்ல செட்டை ரிப்பேருக்குக் குடுத்தேன், மெக்கானிக்தான் வெட்டிட்டான், இது எங்க அண்ணன் வீட்டுக்குப் போனதே இல்ல’ன்னு அந்த ஆள் சொன்னா நான் என்ன செய்யறது? சாம்பல் பூனை ஊர்ல ஒண்ணுதானா? இதைக் காட்டி நான் இவங்களையும் சேத்துத்தான் உள்ள வைக்க முடியும்.”

 காயில்காரம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆள் பெட்டியை இங்கே கொண்டுவந்து வைத்ததே அதற்குத்தான் என்பது டமாரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. துடைத்தால் சாட்சி போயிற்று. துடைக்காவிட்டால் பழி இவர்கள் தலையில்.

டீச்சர் மட்டும் கரும்பலகைக்கு முன் நிற்கிற மாதிரி நிதானமாக இருந்தார். காயில்காரம்மாவின் காதில் ஏதோ சொன்னார். பிறகு அவளுடைய போனில் ஷோரூம்காரரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

மணி அடித்தது. “சொல்லும்மா” என்றது ஷோரூம்காரரின் குரல்.

“சார், உங்க செட்டு வேலை நடந்துட்டு இருக்கு.”

“எர்த் சேத்தாச்சா?”

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. காயில்காரம்மா டீச்சரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “சேக்கறேன் சார். ஆனா மேல பூரா முடியா இருக்கு, துடைச்சாப் போகல. உங்க ஷோரூம்ல நாய் வளக்கறீங்களா? செட்டு மேல படுக்க விடாதீங்க சார், காத்து அடைச்சுக்கும்.”

“ஷோரூம்ல நாயா?” குரலில் அப்படியொரு கோபம். “என் ஷோரூம்ல ஒரு ஈயைக் காட்டும்மா பாக்கலாம். நாய் முடி இல்ல அது, அண்ணன் வீட்டுப் பூ...”

பாதியில் நின்றது. அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் போன் பக்கம் குனிந்தார். “சொல்லுங்க சார். அண்ணன் வீட்டு எது? இன்ஸ்பெக்டர்தான் பேசறேன். கடையிலயே இருங்க, நானே வந்து கேட்டுக்கறேன்.”

லைன் அறுந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். பாராட்டாகத் தலையை ஆட்டினார். பிறகு தன் போனிலிருந்து ஸ்டேஷனுக்குப் பேசி, யாரையோ கூப்பிடச் சொல்லி, அதைக் காயில்காரம்மாவிடம் நீட்டினார்.

“உங்க வீட்டுக்காரர். விஷயத்தைச் சொல்லிட்டாங்க. பேசுங்க.”

அவள் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பழக்கம். பிறகு என்ன நினைத்தாளோ, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“ஏங்க” என்றாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நேராக அவரிடம். “நான்தாங்க.”

 எதிர்முனையில் தளர்ந்த ஒரு குரல், அறையில் எல்லோருக்கும் கேட்டது. “அந்தக் கடைக்காரன் செட்டுல இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் யார் கட்டினது?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “நான்தான். உங்களுக்குத் தெரியாம கட்டினேன்.”

“காயில்ல ஏதாவது கோளாறா?”

“இல்ல. வயர்லதான். காயில் நல்லா இருக்கு.” அழுகையை அடக்கிக்கொண்டு சேர்த்தாள். “உங்க செட்டுலயும் ஒரு குத்தமும் இல்லைங்க. ஒண்ணுமே இல்ல. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு.”

“நீ கட்டினதுன்னா நல்லாத்தான் இருக்கும்” என்றது அந்தக் குரல். “வந்துடறேன். சால்டரிங் அயனை அணைச்சியா?”

“அணைச்சுட்டேங்க” என்று சொல்லும்போதே அவள் உடைந்து அழுதுவிட்டாள். வாய் சிரித்தது, கண்ணில் நிற்காமல் வழிந்தது.

இந்த நேரம் பார்த்து டமாரத்துக்கு மறுபடி மூக்கு அரித்தது. அழுகிற இடத்தில் தும்முவது நன்றாக இருக்காது என்று கர்சீப்பை அமுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினான். காயில்காரம்மா சட்டென்று எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

“எங்க ஓடறீங்க தம்பி? இங்கயே தும்முங்க” என்றாள். “நூறு தும்மல் வேணாலும் தும்முங்க.”